அக்கா கடலில் மூழ்கிய படம்

1

போன முறை எழுதியபோது கணவாய் மீன் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுச் சின்னசேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் சட்டைப்பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறதாம். அதை வைத்துத் தண்ணீருக்கடியில் படம் எடுக்க முடியுமா, எடுக்கலாம் என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

எடுக்கலாம். நான் இத்தனை வருடமாக மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அப்படிப்பட்ட கேமராதான். பெரிய கேமரா வாங்க ஆசைப்பட்டதும் இல்லை, வசதிப்பட்டதும் இல்லை. ஆனால் அதில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இன்று என்னிடம் இல்லை. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால், கேமராவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அந்தப் படத்தில் போய் நின்றுவிடுகிறேன். இந்த முறை இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் அலுவலகத்தில் ரொடெல் என்று ஒரு பிலிப்பினோக்காரர் இருந்தார். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, தன் கேமராவும் ஹவுசிங்கும் இனி எனக்குத்தான் என்றார். வீட்டுக்கு வந்து மனைவி மலரிடம், ரொடெல் தன் ஃப்ளாட்டை நமக்கு விட்டுவிட்டுப் போகிறார் என்று சொல்லிவிட்டேன். அவளும் அங்கே எந்த அறை யாருக்கு என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் அவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் பெட்டி. கேமராவை அதற்குள் வைத்து மூடினால் தண்ணீர் புகாது. அதற்குப் பெயர்தான் ஹவுசிங்.

தொடங்க வேண்டிய இடம் கடல் இல்லை, குளியலறை வாளி. கேமரா இல்லாமல், பெட்டிக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல்லை ஏற்றி அமுக்கி வையுங்கள். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். காகிதம் நனையாமல் இருந்தால் கேமராவை உள்ளே வைக்கலாம். பெட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு தலைமுடி, துண்டிலிருந்து பிரிந்த ஒரு நூல், ஒரு மணல் பொடி அதில் ஒட்டியிருந்தால் போதும், கேமரா போயிற்று. கடற்கரைக் காற்றில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து மூடாதீர்கள். வீட்டிலேயே மூடிக்கொண்டு போங்கள்.

தண்ணீருக்குள் போனதும் முதலில் சிவப்பு காணாமல் போகும். இரண்டு ஆள் ஆழத்திலேயே எல்லாம் பச்சையும் நீலமுமாகிவிடும். கேமராவில் நீர்க்காட்சிக்கென்று ஓர் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெளிச்சம் வாங்கி, படம் முழுக்க மாவு சலித்த மாதிரி இருக்கும். ஜூமைத் தொடாதீர்கள். தூரத்திலிருந்து இழுப்பதற்குப் பதில் நீங்களே கிட்டப் போங்கள். உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு கலங்கல் படத்தில் விழும். சின்னக் கேமரா பொத்தானை அழுத்திய பிறகு கொஞ்சம் யோசிக்கும். அந்த நேரத்தில் மீன் போய்விடும். முதல் ஆறேழு மாதம் நான் எடுத்ததெல்லாம் வால்கள். கிளிமீன் வால், விலாங்கு வால், ஆமையின் பின்கால். என் மகள் யாழினி அதற்கெல்லாம் தனியாக ஓர் ஆல்பம் போட்டு, அப்பாவின் பின்புறங்கள் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தாள்.

கடைசியாக ஒன்று. மேலே இருந்து கீழே பார்த்து எடுக்காதீர்கள். எடுக்கப்போகிற பொருளுக்குக் கீழே போய், அண்ணாந்து, சூரியன் இருக்கிற பக்கம் பார்த்து எடுங்கள். இது எனக்கு வெகுநாள் கைவரவில்லை. கைவந்த அன்று எனக்கு மேலே இருந்தது மீன் இல்லை, என் அக்கா.

3

அக்கா வசந்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எனக்கு நீச்சல் தெரிந்ததே அவளால்தான். நைனார்பாளையத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றில் அப்பா எங்கள் இருவருக்கும் இடுப்பில் சுரைக்குடுவை கட்டி இறக்கிவிட்டார். ஒரே வாரத்தில் அவள் குடுவையைக் கழற்றி என் இடுப்பில் இரண்டாவதாகக் கட்டிவிட்டு, தான் தனியாக நீந்தினாள். பம்புசெட் மேடையிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடிமண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வருவாள். நான் கடைசிவரை அடிமண்ணைத் தொட்டதில்லை.

அவள் பெரியமனுஷி ஆனதும் அது நின்றது. யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே நின்றுவிட்டது. அதன்பிறகு நான் குளிக்கப் போனால், சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறவள் கிணற்றுமேட்டில் நின்று, கால் சரியாக உதைக்கவில்லை என்று மேலிருந்து திட்டுவாள். பிறகு எலவனாசூர்கோட்டையில் ராமலிங்கம் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர். கரும்பு, மரவள்ளி என்று நிலத்தோடு கிடப்பார். பேச்சு கம்மி. எது கோபம், எது வருத்தம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

யாழினிக்குப் பதினைந்து வயது நடக்கும்போது மலருக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை ஆனது. ஒத்தாசைக்கு ஒரு மாதம் அக்காவை வரவழைத்தோம். வரவழைத்தோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். விசாவுக்காக, அவள் என் கூடப்பிறந்தவள் என்று நிரூபிக்க இரண்டு மாதம் ஆனது. என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். அவளுடையதில் புருஷன் பெயர். பள்ளிச் சான்றிதழில் வசந்தா, ரேஷன் கார்டில் வசந்தி. விசா கவுன்டரில் இருந்தவர், ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்களுக்கு எப்படி வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும் என்று மூன்று தடவை கேட்டார். எங்கள் பக்கம் குடும்பப் பெயரே கிடையாது என்று சொன்னதும் அவருடைய சந்தேகம் அதிகமாகிவிட்டது. வட்டாட்சியர் சான்று, நோட்டரி, அரபியில் மொழிபெயர்ப்பு, அதன்மேல் முத்திரை என்று ஓடி, ஒருவழியாக அக்கா வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, தன் தம்பிக்குத் தான் அக்கா என்று இத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டதே என்பதுதான்.

4

மூன்றாவது வாரம், மலர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கடலுக்குக் கிளம்பினோம். மலையைக் குடைந்து போகிற சாலையில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு விரிகுடா. இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. நடுவில் ஏரி போல அசையாத தண்ணீர். நான் வழக்கமாகப் போகிற இடம். மலர் குடையடியில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா கரையில் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைத்தாள். அவ்வளவுதான் செய்வாள் என்று நினைத்தேன்.

யாழினி விடவில்லை. அத்தையைக் காருக்கு இழுத்துப்போய், தன்னுடைய கறுப்புக் கால்சட்டையையும் மலரின் நீளமான சுடிதார் மேல்சட்டையையும் போட்டுவிட்டு, கண்ணாடி முகமூடியை மாட்டி அழைத்து வந்தாள். அக்கா வெட்கத்தில் என்னைப் பார்க்கவே இல்லை. மார்பளவு தண்ணீருக்குப் போனதும் தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். முகமூடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"இன்னா தம்பி இது, அடி வரைக்கும் தெரியுது. கெணத்துல கண்ண மூடிக்கினுதான் போவேன்" என்றாள்.

பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் தலைகீழாகப் போனாள். முப்பது வருடத்துக்கு மேல் நீந்தாதவள். கால் உதைத்த வேகத்தில் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. நான் கேமராவோடு பின்னால் முங்கினேன். அவள் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு, வரிமீன் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து வந்தாள். மீன்கள் விலகி, மறுபடி கூடின. நான் மணலோடு மணலாக அடியில் கிடந்தேன். அவள் என் தலைக்கு மேலே வந்தபோது கொண்டை அவிழ்ந்துவிட்டது. நரை கலந்த முடி நாலாபக்கமும் விரிந்தது. அவளுக்குப் பின்னால் சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் அகலமாக விரித்து, வாய்நிறையக் காற்றுக்குமிழ் விட்டுச் சிரித்தாள். பொத்தானைப் பாதி அமுக்கிக் காத்திருந்து, சரியான இடத்தில் முழுதாக அமுக்கினேன். கேமரா அன்றைக்கு யோசிக்கவில்லை.

கரைக்கு வந்து படத்தைப் பார்த்தபோது மலர் கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். யாழினி குதித்தாள். அக்கா மட்டும், தன் வயிறு பெரிதாகத் தெரிகிறது என்றாள். ஆனால் தலை துவட்டும்போது இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

5

யாழினிக்கு மலர் வாரக் கடைசிகளில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கரையில் உட்கார்ந்தபடியே, கேமராவிலிருந்து படத்தை வைஃபை வழியாகத் தன் கைப்பேசிக்கு மாற்றி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, ஊரில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று கீழே தமிழில் ஒரு வரி எழுதினாள். அத்தை கடலுக்குள் முங்கி நீந்தினார்கள் என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. புத்தகத் தமிழில் எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து, "எங்கள் அத்தை கடலில் மூழ்கிவிட்டார்கள்" என்று எழுதி, பக்கத்தில் நீலநிற இதயம் ஒன்றும் போட்டாள். எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை. காரில் ஏறினோம். மலைக்குள் சிக்னல் இல்லை.

ஊரில் அதை முதலில் பார்த்தது அக்காவின் மகள் கவிதா. அம்மா தண்ணீருக்கடியில் முடி விரிந்து, வாய் திறந்து, கைகள் விரித்துக் கிடக்கிறாள். கீழே இந்த வரி. அவள் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் மாறி மாறிப் போன் செய்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாமாவை, மண்வெட்டியும் கையுமாக வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் கவிதாவின் கைப்பேசியை வாங்கி வாங்கிப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் கவிதாவுக்குப் பேசிமுடிக்க இருந்த மாப்பிள்ளைப் பையனுக்கு ஓமனில் யாரையோ தெரியும் என்று, விசாரிக்கச் சொல்லி அவனுக்கும் கவிதா படத்தை அனுப்பியிருக்கிறாள்.

நாங்கள் வீட்டுப் படியேறும்போது என் கைப்பேசி அடித்தது. மாமா.

"அவ இருக்கறாளா?"

பேசக் கேட்கிறார் என்று நினைத்தேன். இருக்கிறாள், பின்னால் படியேறி வருகிறாள், கொடுக்கட்டுமா என்றேன்.  அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கி நடந்ததைச் சொன்னார்கள். பின்னால் ஒரே இரைச்சல்.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

"ஊரே வந்து வாசல்ல நின்னுச்சு மச்சான். அந்தப் படத்த எடுத்துடச் சொல்லு. எங்கயும் இருக்க வாணாம்."

அதோடு போனை வைத்துவிட்டார். நாங்கள் அதற்கு ஓர் அர்த்தம்தான் எடுத்துக்கொண்டோம். பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில், தாய்க்காரி உடம்போடு துணி ஒட்டி, தலைவிரித்து நிற்பதை ஊரே கூடிப் பார்த்துவிட்டது. மானக்கேடு. அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான். அவள் அழவில்லை. டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மலர் யாழினியைத் திட்டினாள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் கேட்கக்கூடாதா என்று கத்தினாள். யாழினி தன் கைப்பேசியில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். ஊரில் கவிதாவும் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டாளாம்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அக்கா கேமராவைக் கொண்டுவரச் சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வாணாம். எத அமுக்கணும்னு காட்டு, நானே அழிச்சிட்டுப் போறன்."

குப்பைக்கூடை போட்ட சின்னப் பொத்தானைக் காட்டினேன். அமுக்கியதும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது.

"இன்னா கேக்குது?"

"அழிக்கலாமான்னு கேக்குதுக்கா."

அவள் உடனே அமுக்கவில்லை. மூக்குக் கண்ணாடி உள்ளே இருந்தது. கேமராவைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நல்லாதான் எடுத்திருக்க" என்றாள். பிறகு அமுக்கினாள்.

6

சின்னசேலத்து நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறி ஒரு படத்தை அழித்துவிட்டால் பதற வேண்டாம். மெமரி கார்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மேலே புதிதாக ஒன்றும் எடுக்காதவரை, அழித்த படத்தைக் கணினியில் மீட்டுவிடலாம். இது எனக்கு வெகுநாள் கழித்து, ரொடெல் மணிலாவிலிருந்து பேசியபோதுதான் தெரிந்தது. அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடலுக்குப் போய், மனசு ஆறட்டும் என்று கார்டு முக்கால்வாசி நிறையும் மட்டும் மீன்களை எடுத்துத் தள்ளியிருந்தேன். மீட்டுப் பார்த்ததில் வந்ததெல்லாம் பழைய வால்கள்தான்.

யாழினி இப்போது கனடாவில் படிக்கிறாள். வாரம் தவறாமல் பேசுவாள், நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு வரி தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. நான் தமிழில் அனுப்பினால் ஆங்கிலத்தில் பதில் வரும். மலர் ஒருமுறை கேட்டதற்கு, தப்பாகிவிடும் அம்மா என்றாளாம்.

கவிதாவின் சம்பந்தம் நின்றுபோகவில்லை. அதே பையனுக்குத்தான் கொடுத்தார்கள். அடுத்து வந்த தை மாதம் கல்யாணம். பள்ளிப் பரீட்சை என்று யாழினி வரமாட்டேன் என்றுவிட்டதால் அவளை மலரோடு விட்டுவிட்டு, நான் மட்டும் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் இரண்டு வீட்டாரும் ஒரு வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூரில் இறங்கி டீ குடித்துவிட்டு, அருவிக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் பாய் விரித்தோம். தை மாதத்தில் அருவியில் தண்ணீர் கம்மி. அதனால் தேக்கம் தெளிந்திருக்கும் என்று நினைத்துக் கேமராவைக் கொண்டுபோயிருந்தேன். இடுப்பளவில் இறங்கி நின்று பார்த்தால், நாலு விரல் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, சாத்துக்குடி உரித்துக்கொண்டே அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். நல்ல உடம்பு, பெரிய குரல். நான் நிற்கிற இடம்வரை கேட்டது. அன்றைக்கு மகன் அந்தப் படத்தைக் காட்டியதும் தான் பயந்துபோனதாகவும், உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மறுபடி வாங்கிப் பார்த்ததாகவும் சொன்னார்.

"கடலுக்குள்ள போயி சிரிச்சிக்கினு வர்ற பொம்பள யாருடா, இந்த வூட்லயே பொண்ணு எடுக்கலாம்னு எம்புள்ள கிட்ட நாந்தான் சொன்னன். அவன் அந்த போன தொலைச்சிட்டான். உங்ககிட்ட இருந்தா ஒண்ணு குடுங்க சம்பந்தி, கூடத்துல மாட்டலாம்."

அக்கா, அது இல்லை, அழிந்துபோய்விட்டது என்றாள். யார் அழித்தது என்று சொல்லவில்லை. அந்த அம்மா ஐயோ என்று உச்சுக்கொட்டிவிட்டு, கூட வந்திருந்த பெரிய மகன் வழிப் பேரப்பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கூப்பிட எழுந்துபோனார்.

மாமா கொஞ்சம் தள்ளி, பாறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அவர் காதில் விழுந்துதான் இருக்க வேண்டும்.  பிறகு, "வேணும்னா எறங்கேன் வசந்தா. கேமரா இருக்குதில்ல, எடுக்கட்டும்" என்றார்.

"அன்னிக்கு நான் படத்துக்காவ எறங்கலிங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சருகை எடுத்து மடித்து மடித்துக் கிழித்தார்.

"எனக்கு அந்தப் படம்னாலே அந்த நேரந்தான் வருது. நீ செத்துட்டன்னு சொல்லிட்டாங்க. ஒரு மணி நேரம் மண்வெட்டியக் கூட கீழ வெக்காம உக்காந்துகினு இருந்தன். அத இன்னொரு தபா பாக்க முடியாதுன்னுதான் எடுத்துடச் சொன்னன். வேற இன்னா."

அக்கா உரித்த சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள். அவருடைய முகத்தை, இத்தனை வருடம் பார்க்காததைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உங்க கண்ணுல படாம எங்கனாச்சும் வெச்சிக்கினு இருந்திருப்பனேங்க."

மாமா கையிலிருந்த சருகுத் துணுக்குகளைத் தண்ணீர்ப் பக்கம் உதறினார்.  நான் அவர்கள் பக்கம் திரும்பாமல், கேமராவை அந்தக் கலங்கலுக்குள் விட்டு, எதையோ எடுப்பவன் போலக் குனிந்துகொண்டேன்.